தேம்ஸ் கரையில் மூன்று மைல்

இங்கிலாந்தில் தேம்ஸ் நதி பிறக்கும் இடத்திலிருந்து லண்டனில் வுல்விச் பக்கம் வரை, கரையோரமாகவே 184 மைலுக்கு மேல் நடந்து போகலாம். 1996-ல் இதைத் தேசிய நடைபாதையாகத் திறந்தார்கள். ஓக் மரத்துக் காய் படம் போட்ட பலகைதான் வழிக்கு அடையாளம். முழுசும் நடக்க இரண்டு வாரமாவது ஆகும். நமக்கு அது வேண்டாம். ரிச்மண்ட் பாலத்திலிருந்து டெடிங்டன் மதகு வரை சுமார் 3 மைல் போதும். ஏற்ற இறக்கம் இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே போகலாம்.

தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அங்கே போயிருந்தேன். சுகப்பிரசவம்தான். ஆனால் மாதம் ஒன்றாகியும் அவள் முகம் தெளியவில்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்க மாட்டாள். சுவரைப் பார்த்து அழுவாள். பிள்ளை பெற்ற முதல் சில நாள் மனசு கலங்குவது பலருக்கும் உண்டு, சகோதரிகளே. இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் விசாரித்து டாக்டரிடம் அனுப்பினார். மருந்தோடு, தினமும் கொஞ்சம் வெளியே நடக்கவும் சொன்னார்கள்.

ஊரிலிருந்து அம்மா போனில், "நாப்பது நாள் ஆகலை, காத்து பட்டா சீதளம் புடிச்சுக்கும்டி" என்றாள். தங்கை காதில் பஞ்சு வைத்து, தலைக்கு ஸ்கார்ப் கட்டிக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கும் சமாதானம், டாக்டர் பேச்சையும் தட்டவில்லை!

ரிச்மண்ட் பாலம் 1777-ல் கட்டியது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பீட்டர்ஷாம் புல்வெளி. லண்டனுக்குள்ளே மாடு மேய்கிறது! தங்கை வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "குழந்தையைப் பாத்தாலே பயமா இருக்குக்கா" என்றாள். இத்தனை நாள் வாயைத் திறக்காதவள். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே நடந்தேன். ஆற்றைப் பார்த்து நடக்கும்போது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. அது ஒரு சௌகரியம்.

1610-ல் கட்டிய ஹாம் ஹவுஸ் மாளிகைக்கு அருகே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொது இடத்தில் பால் கொடுப்பதை யாரும் தடுக்கக்கூடாது என்று அங்கே 2010-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நானோ பிளாஸ்கைத் திறந்து பூண்டுப் பாலை ஊற்றினேன். அந்த வாசனைக்குத்தான் இரண்டு பேர் திரும்பினார்கள்!

அதற்கப்புறம் மர நிழல்தான். முன்காலத்தில் குதிரைகள் கயிற்றால் படகை இழுத்துப் போன பாதை இது. டெடிங்டன் மதகோடு கடலேற்றம் நின்றுவிடுகிறது. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீர் விட்டு மேலே தூக்குவதைப் பார்த்துவிட்டு, பாலத்தின் வழியாக ஊருக்குள் போய் ரயிலேறினோம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலேற்றம் பெரிதாக இருக்கும். ரிச்மண்ட் பக்கம் பாதையே முழுகிவிடும். ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மழை பெய்த மறுநாள் சேறு. சின்னச் சக்கர வண்டி உதவாது. நாங்கள் அடுத்த வாரம் பெரிய சக்கர வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டுதான் போனோம்.