காத்து வராத ஏ.சி.

எங்கப்பா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். பொள்ளாச்சி பக்கம் நார் மில்லுகளில் லோடு ஏற்றுவார். போன பங்குனி வெயிலில் ஏ.சி. போட்டும் காத்து வரவில்லை. ஃபேனை 4-ல் வைத்தாலும் சத்தம் மட்டும்தான். அப்பா கண்ணாடியை இறக்கி விட்டே ஓட்டினார். ராத்திரி எல்லாம் இருமல்.

“கேஸ் தீர்ந்திருக்கும், 2,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். நான் காத்து வரும் இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சமாக வந்தாலும் ஜில்லென்று இருந்தது. “கேஸ் இல்லைன்னா ஜில்லுன்னு வருமாப்பா?” என்று கேட்டேன். அப்பா யோசித்தார்.

மெக்கானிக் அண்ணன் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினார். பின்னாடி தட்டையாக ஒரு ஃபில்டர். வெளியே இழுத்தால் நார்த்தூள் அடை மாதிரி அப்பிக் கிடந்தது! வண்டி வாங்கியதிலிருந்து யாரும் அதைப் பார்க்கவே இல்லை. புதுசு போட்டதும் குப்பென்று காத்து அடித்தது.

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பழைய ஃபில்டரையே பார்த்துக்கொண்டு, “கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டுனப்ப இதெல்லாம் என் நெஞ்சுக்குள்ளதானே கண்ணு போயிருக்கும்” என்றார்.

இப்போது கண்ணாடியை ஏற்றித்தான் ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டி வைப்பது என் வேலை. மூக்கில் துணி கட்டிக்கொள்வேன். நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியிலும் காத்து குறைந்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள்!

– 9ஆம் வகுப்பு மாணவி