ஒளித்து வைத்ததைத் தேடப் போனோம்

 

"யாழ்ப்பாணத்தில் காடா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மாரிமழை பெய்தால்தான் ஆறு, மற்ற நாளில் வெறும் பெயர்தான். பனந்தோப்பும் தோட்டமும் வேலியும் ஒழுங்கையுமாகக் கிடக்கும் பூமி இது.

ஆனாலும் ஒருமுறை பருத்தித்துறைக்குப் போய், வல்லிபுரக் கோயிலைத் தாண்டி, கிழக்குக் கடலோரமாக மணற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெண்மணல் மேடு மேடாக எழும்பி நிற்கும். பழைய அந்தோனியார் கோவில் ஒன்றை மணல் பாதி விழுங்கிவிட, மீதிச் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. மேடுகளில் அடம்பன் கொடி படர்ந்திருக்கும். இராவணன் மீசை என்கிற முட்புல்லின் காய்ந்த பூப்பந்துகள் காற்றில் உருண்டோடும்; சிறுவர்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அதற்குப் பக்கத்தில் வரிசையாக நட்டு வளர்த்த சவுக்கங்காடு. கடற்காற்று சவுக்கின் ஊசியிலைகளுக்குள் நுழையும்போது எங்கோ மழை பெய்வது போல ஒரு சத்தம் கேட்கும். முதல் தடவை என் இளைய மகள் குடை எடுத்துவரவில்லையே என்று பயந்துவிட்டாள்.

அந்தக் காட்டுக்கு நாங்கள் மூன்று குடும்பமாகப் போய்வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

2024 பெப்ரவரியில் என் ராத்தாவின் மகன் லண்டனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தான். பதினைந்து வயது. இந்தக் காலத்துப் பிள்ளைதானே, கைத்தொலைபேசியை விட்டுத் தலை நிமிர மாட்டான் என்று நினைத்தேன். அவனோ, "மாமா, இங்க நடக்கிறதுக்குக் காடு எங்க இருக்கு?" என்று கேட்டான். அங்கே அவன் வாரந்தோறும் நண்பர்களோடு காட்டுக்குள் போகிறானாம். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து நடந்துபோய்த் தேடுவார்கள். பெட்டிக்குள் ஒரு சிறு கொப்பி இருக்கும்; கண்டவர் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே உள்ள சிறு பொருள் எதையாவது எடுத்தால், அதற்கு ஈடான ஒன்றைப் போட வேண்டும்.

இது தொடங்கிய கதையையும் அவனே சொன்னான். வானத்தில் சுற்றும் ஜீ.பீ.எஸ். செய்மதிகள் அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து. பொதுமக்களுக்குப் போகும் சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவந்தார்கள். நூறு மீற்றர் வரையில் இடம் தவறிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். உடனே, மே 3ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு, மண்ணில் பாதி புதைத்து, இடத்தை அறிவித்தார். சில நாட்களுக்குள் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றனவாம்.

எனக்கு இதைக் கேட்கக் கேட்க மத்ரஸா ஞாபகம்தான் வந்தது. ஃபிக்ஹு கிதாபுகளில் 'லுகதா' என்று ஒரு பாடம் உண்டு. வழியில் கண்டெடுத்த பொருளின் சட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாடத்தை நடத்தினால் பாதி வகுப்பு கொட்டாவி விடும். பொருள் இருந்த பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவிக்க வேண்டும். உரியவர் வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தது ஹதீஸ்களில் வருகிறது. பையையும் கயிற்றையும் ஏன் கவனிக்கச் சொன்னார்கள்? உண்மையான சொந்தக்காரரால்தான் முடிச்சு எப்படி இருந்தது என்று சொல்ல முடியும்! இந்த விளையாட்டுப் பெட்டியோ தொலைந்த பொருள் அல்ல. எடுத்துப் பார் என்று உரியவரே அனுமதித்து வைத்தது. ஆகவே லுகதாவின் சட்டம் இதற்கு வராது. "இது சூதாட்டமாகாதா ஹஸ்ரத்?" என்று ஒரு சகோதரி பிறகு கேட்டார். பந்தயப் பணம் இல்லை, ஒருவரின் இழப்பு மற்றவருக்கு இலாபமாவதும் இல்லை. பிறகு எங்கே சூது?

சட்டத்தையெல்லாம் தீர்த்துவிட்ட மகிழ்ச்சியில் ஞாயிறு காலை போவோம் என்று அறிவித்தேன். வீட்டுக்குள் மூன்று தடைகள் காத்திருந்தன.

முதல் தடை என் இளைய மகள். "வாப்பா, தெரியாத சாமானைத் தொடக்கூடாது, காட்டுக்குள்ள கிடக்கிறதை எடுக்கக்கூடாது எண்டு ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்களே?" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு மண்ணில் ஒளிந்திருப்பது புதையல். எங்கள் பிள்ளைகளுக்கு அது மிதிவெடி. யுத்தம் 2009 மேயில் முடிந்தது. குடாநாட்டின் கழுத்துப் பகுதியான முகமாலையில் அதற்குப் பின்னும் வருடக்கணக்காக மிதிவெடி அகற்றினார்கள். அந்த வேலையில் எங்கள் வடபகுதிப் பெண்கள் எத்தனையோ பேர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவியிருக்கிறார்கள். மணற்காட்டுக்குத் தெற்கே நாகர்கோவிலும் ஒரு காலத்தில் போர்முனைதான். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய், "பற்றைக்குள் கையை விட்டுத் தேடு" என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது தடை என் மனைவி. அவர் பேச்சைச் சுருக்கமாக முடிப்பவர். "தாடியும் தொப்பியுமா நாலு ஆம்பிளைகள் காட்டுக்குள்ள போய்ப் பெட்டி ஒளிச்சு வச்சிட்டு வரப்போறீங்க. பார்த்தவன் என்ன நினைப்பான்?" 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் முஸ்லிம் வீடுகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அரபு எழுத்துள்ள புத்தகத்தை வைத்திருக்கவே பயந்த வீடுகள் இருந்தன. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை.

மூன்றாவது தடை என் உம்மா. எழுபதைத் தாண்டியவர்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தவர்கள், "ஒளிச்சு வச்சதத் தேடுறது உங்களுக்கு விளையாட்டா மகன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்கள்.

மருமகனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் 70,000க்கும் அதிகமானோர் அப்படி வெளியேற்றப்பட்டோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சோனகத் தெருவில் எங்கள் வீட்டில், வாப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிற்க, உம்மா ஒரு பால்மா டின்னில் ராத்தாவின் தோடு ஒரு சோடி, வாப்பாவின் கைக்கடிகாரம், வீட்டு உறுதி, இன்னும் சிலவற்றைப் போட்டு, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டி, கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் கல்லை இழுத்து ஒளித்து வைத்தார்கள். நாலைந்து நாளில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2002இல் பாதை திறந்து, 2003இல் நானும் உம்மாவும் பார்க்க வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் கல்லும் குப்பையும். தொட்டியே இல்லை. உம்மா கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு, "வா மகன், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்கள். 2010இல் நாங்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து குடியேறிய பிறகும் அந்த டின்னைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. கண்டெடுத்தவர் எவரும் ஓராண்டு அறிவிக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

போகாமலே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மனைவியே வழி சொன்னார். "காட்டில விட்டிட்டு வரத்தானே பயம்? ஒளிச்சு, தேடி, பின்னேரம் வீட்டுக்குக் கொண்டு வந்திடுவம்." அப்படியே ஒப்பந்தமானது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா. மூடியில் தமிழிலும் சிங்களத்திலும் 'பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி' என்று எழுத்து. மண்ணைக் கிளறக்கூடாது, கண் மட்டத்தில் மரக்கிளையில்தான் வைக்க வேண்டும். ஊர்ச் சனம் அன்றாடம் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு ஒருவரும் விலகக்கூடாது. வடமராட்சியைச் சேர்ந்த என் தமிழாசிரிய நண்பர் ஒருவர் முன்னதாகவே மணற்காட்டுக்குப் போய், ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, எந்தப் பாதை என்பதையும் கேட்டு வந்தார். இடத்துக்குரியவரிடம் அனுமதி பெறுவது அந்த விளையாட்டின் சட்டத்திலேயே இருக்கிறதாம்.

இன்னொரு நிபந்தனையும் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. இதை வாசிக்கும் சகோதரிகள் உங்கள் வீட்டு ஆண்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். உல்லாசப் பயணம் என்று சொல்லி, அடுப்பையும் சட்டியையும் வேனில் ஏற்றி, வீட்டில் சமைத்ததை மரத்தடியில் சமைக்க வைப்பதுதான் நம் வழக்கம். ஆண்கள் கடலில் குளிப்பார்கள். பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள். இம்முறை அடுப்பு இல்லை. பணிஸ், அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் தேத்தண்ணீர், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். சுமப்பது ஆண்கள். பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய நபியின் உம்மத்து நாம். முதலில் அன்னை வென்றதும், பின்னொரு நாள் அன்னைக்கு உடம்பு வைத்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் வென்றதும் அபூதாவூதில் இருக்கிறது. இதை ஜும்ஆ பயானில் சொன்னால் சிரிப்பார்கள். நடைமுறைக்கு வந்தால் முகம் சுளிப்பார்கள்.

சுபுஹு தொழுத கையோடு கிளம்பினோம். உம்மாவும் வந்து வேனில் ஏறிக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெப்ரவரி நல்ல மாதம். மாரி முடிந்து மணல் ஈரம் காயாமல் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. என் மனைவியும் நண்பரின் மனைவியும் முன்னே போய் டப்பாவை வைத்துவிட்டு எண்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் தொலைபேசியோடு புறப்பட்டார்கள். வெளியில் சில மீற்றருக்குள் சரியாகக் காட்டும் கருவி, மரங்களுக்குக் கீழே கொஞ்சம் தடுமாறியது. "இங்கதான்" என்று அது சொல்லும் இடத்தில் இருபது மரம் நின்றது! பிறகு கண்ணால்தான் தேட வேண்டியிருந்தது. பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த இளைய மகள்தான் கண்டுபிடித்தாள். கண்டவள் தொடவில்லை. தள்ளி நின்றுகொண்டு, "வாப்பா, எடுக்கலாமா?" என்று கேட்டாள். "எடுக்கலாம் மகள்" என்றேன். அதன் பிறகே எடுத்தாள். அவள் கேட்டது எனக்கு ஒருபக்கம் நிம்மதியாகவும், ஒருபக்கம் வேதனையாகவும் இருந்தது.

லுஹருக்கு மணலிலேயே ஜமாஅத் வைத்தோம். பிள்ளைகளே தொலைபேசியில் கிப்லா பார்த்தார்கள்; எங்களுக்கு மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 22 பாகை. செய்மதி இல்லாத காலத்தில் அல்பிரூனி இதைக் கணக்குப் போட்டார் என்று சொன்னேன். ஊர்களின் இடத்தை அளப்பது பற்றி 1025இல் ஒரு நூலையே எழுதி முடித்தவர் அவர். (கஸ்ரு செய்யும் தூரமில்லை, நான்கு ரக்அத்தும் தொழுதோம். கேட்கப் போகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.)

சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் போத்தல்களையும் உறைகளையும் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, உம்மா எழும்பி வந்து, "டப்பாவைக் கொண்டா, இந்த முறை நான் வைக்கிறன்" என்றார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவரும் பின்னால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்கள். என் கண் மட்டும் அவர்களின் வெள்ளை முக்காட்டின் மேல் இருந்தது. மரங்களுக்கிடையில் அது தெரிவதும் மறைவதுமாக இருந்தது. திரும்பி வந்தவர்களிடம் மருமகன் எண் கேட்டான். "எண் எனக்குத் தெரியாது. வளைஞ்ச மரம், பக்கத்தில ஒரு பட்ட கட்டை. அவ்வளவுதான்" என்றார்கள்.

வளைந்த மரம் அந்தக் காட்டில் ஒன்றா இரண்டா? முக்கால் மணி நேரம் தேடினார்கள். தொலைபேசி பையினுள் போய்விட்டது. நானும் தேடினேன். என் நண்பரும் தேடினார். கடைசியில் லண்டன் பேரன் தோற்றுப்போய், "வாப்பும்மா... சொறி, உம்மம்மா, நீங்களே காட்டுங்க" என்றான். சின்னவர்களோடு சேர்ந்து அவனுக்கு முறையே குழம்பிவிட்டது.

உம்மா சிரித்துக்கொண்டே எழும்பினார்கள். ஒரு மரத்தையும் திரும்பிப் பார்க்காமல் நேரே நடந்து போய், இரண்டு கிளைகளுக்கு நடுவில் கையை வைத்து டப்பாவை எடுத்தார்கள். மூடிக்கு மேலால் தங்கள் கைக்குட்டையைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதைப் பல்லால் கடித்து அவிழ்த்து, அந்த மணலிலேயே உட்கார்ந்து, உள்ளே இருந்த பென்சில், கொப்பி, ஐந்து பளிங்குக் குண்டு, ஒரு பிளாஸ்டிக் வளையல் எல்லாவற்றையும் மடியில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு மூடினார்கள்.

வேன் நெல்லியடியைத் தாண்டும்வரை டப்பா அவர்களின் மடியில்தான் இருந்தது.