இரண்டாவது குழி

எங்க அம்மா டவுன் பஞ்சாயத்தில் தோட்டி வேலை பார்த்தாள். துப்புரவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் என்று பேரை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஊரில் அவளைக் கூப்பிட்ட பேர் இதுதான் என்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

விடியக்காலம் நாலரைக்கெல்லாம் தகர வாளி, வழிக்கிற தகடு, ஒரு சாக்குச் சாம்பலோடு கிளம்பிவிடுவாள். எடுப்புக் கக்கூஸுக்கென்றே வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். முழ உயரத்துக்கு ஒரு தகரக் கதவு. அதைத் தூக்கி, சாம்பலைத் தூவி, தகட்டால் வழித்து வாளியில் போடணும். மழைக்காலத்தில் கூடையைத் தலையில் வைத்தால் காதோரமாக ஒழுகும். அந்த வீட்டுக்காரர்கள் பாதிப்பேரின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்த வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கு என்பதெல்லாம் தெரியும். "எனக்குத் தெரியாத சேதி இந்த ஊர்ல ஏது" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயசிலேயே பிடிக்காது.

எங்க காலனி டவுனை ஒட்டின கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. நாற்பது வீடு, ஒன்றில்கூடக் கக்கூஸ் இல்லை. ஊர்ப் பீயை அள்ளிவிட்டு வந்த பொம்பளைங்க, தாங்கள் ஒதுங்குவதற்கு ஓடைக்கரைக் கருவேலங்காட்டுக்குப் போகணும். அதுவும் விடியறதுக்கு முன்னாடி, இல்லையென்றால் இருட்டின பிறகு. நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பயந்தே ஸ்கூலில் நான் தண்ணி குடிக்க மாட்டேன். பெரியவளான பிறகு மாசம் மூணு நாள் லீவு. ஏன் என்று எந்த வாத்தியாரும் கேட்கவில்லை, அடி மட்டும் விழுந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் தோட்டம். மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டு டார்ச் அடிப்பான்கள். வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்கணும். அது அணைகிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்கணும். பாம்பு கண்டதை வீட்டில் வந்து சொல்லுவோம், டார்ச்சைச் சொல்ல மாட்டோம். சொன்னால் ஆம்பளைங்க கம்பை எடுப்பாங்க, அப்புறம் எரியறது எங்க குடிசையாகத்தான் இருக்கும்.

எடுப்புக் கக்கூஸ் கட்டுவதும் மனுசரை வைத்து அள்ளுவதும் குற்றம் என்று 1993இல் சட்டம் வந்தது. அம்மாவிடம் அதை நான்தான் சொன்னேன். "அப்ப சம்பளம்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகும் சில வருசம் அள்ளினாள்.

2014 அக்டோபர் 2ஆம் தேதி தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. கிராமத்தில் வீட்டுக் கக்கூஸுக்கு 12,000 ரூபாய். எங்க காலனிக்கு அது 2016இல் வந்து சேர்ந்தது. இரண்டு உறைக்குழி தோண்டணும் என்பது முறை. ஒன்று நிறைந்தால் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்பிவிடணும். அடைத்த குழியை ஒன்றிரண்டு வருசம் அப்படியே விட்டால் தண்ணி மண்ணில் இறங்கி, உள்ளே இருப்பது மக்கி நாற்றமில்லாத எருவாகிவிடும். பீயை யாரும் கையால் தொட வேண்டியதில்லை. நல்ல யோசனைதான். காண்ட்ராக்டர் ஒரு குழி தோண்டினார். இரண்டாவது மூடியைச் சும்மா தரையில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். 2019 அக்டோபர் 2ஆம் தேதி, கிராமங்களில் இனி திறந்தவெளியில் மலம் கழிப்பது இல்லை என்று அறிவித்தார்கள். அன்றைக்கும் அம்மா ஓடைக்கரைக்குத்தான் போனாள்.

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "நான் அதுல இருந்தா நாளைக்கு ஒருத்தன் அள்ளணுமில்லடி" என்றாள்.

2021 மழையில் குழி நிறைந்து பொங்கியது. உறிஞ்சுகிற லாரி எங்க சந்துக்குள் நுழையாது. அடியில் கெட்டியாக இருப்பதை இழுக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். நான் டீச்சர். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் ஜெயில் என்கிற 2013ஆம் வருசச் சட்டத்தைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். 1993லிருந்து சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் பேசியிருக்கிறேன். (2023இல் அது முப்பது லட்சம் ஆனது.) அப்படிப் பேசின நான்தான் எங்க ஆளுங்களில் ஒரு தம்பிக்குப் போன் போட்டேன். 2,500 ரூபாய் கேட்டான். குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசினேன். இதை எழுத இத்தனை நாளாயிற்று.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் ஒரு காலை வைத்தபோது அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்தாள்.

"யாருடா இறங்குறது? ஏறு மேல."

"இல்ல பெரியம்மா, அக்காதான் வரச் சொன்னாங்க..."

"ஏறுன்னு சொல்றேன். உள்ள ஆவி நிக்கும். முதல்ல நாறும், அப்புறம் நாத்தமே தெரியாது, ஆளு அப்படியே சாஞ்சிருவான். மூடியைத் திறந்து போட்டுட்டு நாளைக்கு வா. கயித்துல வாளியக் கட்டி மேல நின்னே மொண்டுக்கலாம்."

என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் கொல்லையில் பள்ளம் வெட்டி வைத்தோம். தம்பி மொண்டு மேலே கொடுக்க, வாளியை வாங்கப் போனது அம்மாதான். எழுபது தாண்டின உடம்பு. நான் குறுக்கே போய் வாங்கினேன். என் நாற்பத்தாறு வயசில் நான் பீவாளி தூக்கியது அன்றைக்குத்தான். இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். "சாம்பலப் போடு, சாம்பலப் போடு" என்று அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

தம்பிக்கு அவன் கேட்டதையே கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொந்தக் காசில் உறை வாங்கி இரண்டாவது குழியை இறக்கினோம்.

கருவேலங்காட்டைப் போன வருசம் வெட்டி பிளாட் போட்டுவிட்டார்கள். இப்போ அம்மா வீட்டுக் கக்கூஸில்தான் போகிறாள். வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்பாள், "அது நெறைய இன்னும் எத்தன வருசம் ஆகும்டி?"

அஞ்சாறு வருசம் ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.