வெறும் கம்பி

கதாநாயகர்களுக்குப் பலத்தை வாரி வழங்குவதில் எழுத்தாளனைப் போன்ற தர்மப்பிரபு யாரும் இல்லை. நானும் இருபது வருஷமாக அந்தத் தர்மத்தைத் தாராளமாகச் செய்து வந்திருக்கிறேன். என் நாவல் ஒன்றில் ஒருவன், வெள்ளத்தில் அகப்பட்ட தகப்பனாரைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மைல் தூரம் நடக்கிறான். வாசகர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எழுதிய எனக்கும் மூச்சு வாங்கவில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை, என் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். வயது 78, எடை 52 கிலோ. நான் ஓடிப்போய்க் குனிந்து, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண் உயர்ந்தாள். மறுபடியும் தரைக்கே போய்விட்டாள். என் இடுப்பில் ‘சுருக்’கென்று ஏதோ பிடித்தது. இப்போது தரையில் இரண்டு பேர்.

“வுடு கண்ணு, உனக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது” என்றாள், விழுந்து கிடந்த அம்மா.

இரவு ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். மண்டி போட்டார், அம்மாவைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார், எழுந்து நின்றார். அவ்வளவுதான். “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். விழுந்தவரை அவசரப்பட்டு இழுத்துத் தூக்கக் கூடாது, முதலில் அடி எங்கே என்று பார்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த விஷயமும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் கருமத்தம்பட்டி, கோயமுத்தூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இருக்கிறது. ஜெபமாலை மாதா கோயிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பக்கத்தில் சோமனூர், சுற்றிலும் விசைத்தறி. என் தகப்பனார் தறி ஓட்டியவர். பாவு சுற்றிய பீமை ஒரு முனையில் அவரும் மறு முனையில் இன்னொருவரும் தோளில் ஏந்திக்கொண்டு போவதைச் சிறு பிள்ளையில் பார்த்திருக்கிறேன். ‘நீயாவது உட்கார்ந்து சம்பாதி’ என்று அவர் என்னைப் படிக்க வைத்தார். நான் அந்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிவிட்டேன். இருபது வருஷமாக உட்கார்ந்தே இருக்கிறேன்.

இடுப்புப் பிடிப்பு விட்டதும் டாக்டரிடம், “இனி எதையும் தூக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “தூக்கப் பழகிக்கொள்ளுங்கள்” என்றார். நாற்பதைத் தாண்டியவன் சும்மா இருந்தால், வருஷா வருஷம் தசை கொஞ்சம் கரையும். தசை கரைவதைக் காட்டிலும் வேகமாகப் பலம் குறையும் என்று விளக்கினார். உலக சுகாதார நிறுவனமே, வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று 2020இல் எழுதி வைத்திருக்கிறதாம்.

பளுவுக்கும் கோயமுத்தூருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஜெர்மனியில் பிறந்த யூஜீன் சாண்டோ (1867-1925) என்ற பலசாலி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து போனார். அவர் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. திருப்பூரில் தைக்கும் கையில்லாத பனியனுக்குச் ‘சாண்டோ பனியன்’ என்றே பெயர். கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் பிறந்து, மில் தொழிலாளியாக இருந்து, வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலை நடத்திய சின்னப்பா தேவரும் ‘சாண்டோ’ சின்னப்பா தேவர்தான். பின்னால் சினிமாப் படங்கள் எடுத்துப் புகழ் பெற்றார்.

இந்தச் சரித்திரமெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன? ஜிம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கால் நடுங்கியது. உள்ளே எல்லாம் காலேஜ் பையன்கள். எனக்கோ, ஊர்ச் சாவடியில் கிடக்கும் இளவட்டக்கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய மாதிரி இருந்தது. அந்தக் கல்லின் சுபாவம் நமக்குத் தெரியும். தூக்கினால் பெண், தூக்காவிட்டால் சிரிப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று அதனிடம் பேரம் பேச முடியாது.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தம்பிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஒரு நீளமான கம்பியைக் காட்டினார். இரண்டு முனையிலும் ஒரு பிளேட்டுகூட இல்லை.

“வெறும் கம்பிதானா?” என்றேன், மானம் போன குரலில்.

“வெறும் கம்பியே இருவது கிலோங்ண்ணா. மொதல்ல இதுகூட பழகுங்க.”

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கல்லுக்கு இல்லாத கருணை கம்பிக்கு இருக்கிறது. உன்னால் எவ்வளவு முடியும் என்று அது கேட்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

முறை ரொம்பச் சாதாரணமானது. வாரத்தில் மூன்று நாள். நடுவில் ஒரு நாள் ஓய்வு. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். பலகையில் படுத்துக்கொண்டு மார்புக்கு மேலே தூக்குவது பெஞ்ச் பிரஸ். நின்றபடி தலைக்கு மேலே ஏற்றுவது இன்னொன்று. தரையில் கிடப்பதை எடுத்து நிமிர்வது டெட்லிஃப்ட். ஒரு நாளைக்கு இவற்றில் இரண்டு அல்லது மூன்று. ஐந்து தடவை செய்துவிட்டு, இரண்டு மூன்று நிமிஷம் இளைப்பாற வேண்டும். அப்படி மூன்று சுற்று. சிரமமில்லாமல் முடிந்தால் அடுத்த தடவை ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ வீதம் இரண்டரை கிலோ ஏற்ற வேண்டும். முடியாவிட்டால் ஏற்றக் கூடாது. பருப்பும் முட்டையும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். நன்றாகத் தூங்க வேண்டும். தசை வளர்வது ஓய்வில்தானாம்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பளுவை ஏற்றும் வித்தையை வைத்தியமாக்கியவர் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களை அவர் இந்த வழியில் தேற்றினார். 1945இல் அதைப் பற்றி எழுதினார். எனக்கு அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. பாவுக்குள் ஊடை ஓர் இழையாகத்தான் விழுகிறது. சாயங்காலம் பார்த்தால் சுருள் துணி. எங்கள் அப்பா அதைத்தானே செய்துகொண்டிருந்தார்?

மூன்றாவது வாரம் எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. தம்பி அந்தப் பக்கம் திரும்பியதும், டெட்லிஃப்டுக்குச் சொன்னதைவிடப் பத்து கிலோ கூடுதலாக மாட்டி இழுத்தேன். முதுகு வில்லாக வளைந்தது. நல்லவேளை, கம்பியைப் போட்டுவிட்டேன். தம்பி வந்து பிளேட்டுகளைக் கழற்றினார், திட்டவில்லை. “கம்பி உங்க கால ஒட்டியே வரணுங்ண்ணா. தள்ளிப் போச்சுன்னா பாரமெல்லாம் இடுப்புக்குப் போயிரும்” என்றார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் அம்மாவை மார்போடு அணைத்துக்கொண்டது ஏன் என்று அப்போது தெரிந்தது. நான் கையை நீட்டித் தூரத்தில் நின்று இழுத்திருக்கிறேன்.

இரண்டாவது மாதக் கடைசியில், டெட்லிஃப்ட் கம்பியில் மொத்தம் 52 அரை கிலோ ஏறியது. ஐந்து தடவை எடுத்தேன். தம்பிக்கு அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. நான் ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டு எழ முயன்றுகொண்டிருந்தாள். தூக்கத்தான் போனேன். கை பாதி வழியில் நின்றது. பாஸ்டன் நகரத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர்களுக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று என்று 1990இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள். ஆகவே பொள்ளாச்சிக் கதையைச் சொன்னேன். 82 வயதுக் கிட்டம்மாள் 2024இல் கோயமுத்தூரில் நடந்த போட்டியில் 50 கிலோ கம்பியைத் தூக்கியதைச் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “பொள்ளாச்சித் தண்ணிக்குத் தூக்குவாங்க” என்றாள்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் முதல் ஆரம்பித்தோம். கம்பி இல்லை, அவளுக்கு நாற்காலிதான் கம்பி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். நான் முன்னால் கை நீட்டியபடி நிற்பேன், பிடித்துக்கொள்ள அல்ல, தைரியத்துக்கு. முதல் நாள் ஒரு தடவைகூட முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். ஒரு மாதத்தில் ஒரு தலையணை போயிற்று. இப்போது ஐந்து தடவை எழுகிறாள். இன்னொரு தலையணை பாக்கி இருக்கிறது.

நேற்று ஐந்தாவது தடவை எழுந்து நின்றதும், மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கேட்டாள்: “நீ எவ்வளவு தூக்கறே கண்ணு?”

சொன்னேன்.

“அப்பிடீன்னா என்னைத் தூக்கிப்போடுவே” என்றாள். பிறகு, “அந்த வேலை உனக்கு வேண்டாம். பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ஆறாவது தடவைக்காக உட்கார்ந்தாள்.