வானில் அமைந்த முதல் இல்லம்

மனிதன் எங்குச் சென்றாலும் அங்கே தனக்கென ஓர் உறைவிடம் அமைத்துக்கொள்ள விழைகின்றான். காட்டை அடைந்தான், குடிசை கட்டினான். கடலில் இறங்கினான், கலத்தையே வீடாக்கிக்கொண்டான். 1961ஆம் ஆண்டில் யூரி ககாரின் உலகை ஒருமுறை சுற்றி மீண்டபோது, விண்வெளிக்கும் மனிதன் செல்லலாம் என்பது தெளிவாயிற்று. ஆயினும், சென்று மீள்வது வேறு. தங்கி வாழ்வது வேறு. அங்குத் தங்க இயலுமா என்பதே அடுத்த வினாவாயிற்று.

அவ்வினாவிற்கு விடை காண விரும்பிய சோவியத் நாடு, 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ‘சல்யூட் 1’ என்னும் நிலையத்தை விண்ணில் ஏவியது. மனிதர் தங்குவதற்கென விண்ணில் அமைந்த முதல் நிலையம் அதுவே. உண்ணவும் உறங்கவும் ஆராயவும் அதில் இடம் இருந்தது. சில நாளில் சோயூஸ் 10 என்னும் கலத்தில் மூவர் அதனை நாடிச் சென்றனர். கலம் நிலையத்தைத் தொட்டது. ஆயின் உறுதியாகப் பிணையவில்லை. வாயில்வரை சென்றும் உட்புகாமலே அவர்கள் திரும்பினர்.

அடுத்துச் சோயூஸ் 11 ஆயத்தமாயிற்று. புறப்படுவதற்குச் சில நாளே இருக்கையில், செல்லவிருந்தோருள் ஒருவருடைய நுரையீரலில் ஒரு நிழல் தென்படுவதை எக்ஸ் கதிர்ப் படம் காட்டியது. ஆதலின், மாற்றுக் குழுவினராயிருந்த தொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் ஆகிய மூவரும் ஜூன் 6ஆம் நாள் அனுப்பப்பெற்றனர். மறுநாள் அவர்கள் நிலையத்தினுள் புகுந்தனர்.

புதிய இல்லத்தில் மேல் என்றும் கீழ் என்றும் இல்லை. பொருள்கள் யாவும் மிதந்தன. உழைப்பின்றித் தசைகள் தளர்ந்துவிடும் என்பதால், நாள்தோறும் அவர்கள் உடற்பயிற்சி செய்தனர். சிறு பெட்டியொன்றில் செடிகளை வளர்த்தனர். தொலைநோக்கியால் விண்மீன்களை ஆராய்ந்தனர். ஜூன் 19 அன்று பட்சாயெவின் 38ஆம் பிறந்தநாளை அங்கேயே கொண்டாடினர். இடையே ஒரு நாள் புகை எழுந்தது. திரும்பிவிடவும் எண்ணினர், புகை அடங்கவே, பணியைத் தொடர்ந்தனர். அதுவரை எவரும் அத்துணை நாள் விண்ணில் தங்கியதில்லை.

ஜூன் 29ஆம் நாள் இரவு அவர்கள் நிலையத்தை விட்டு நீங்கினர். தரையை நெருங்கும்போது திறக்கவேண்டிய காற்றுவழி ஒன்று, கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியால் விண்வெளியிலேயே திறந்துகொண்டது. உள்ளிருந்த காற்று விரைந்து வெளியேறியது. அதனைக் கையால் மூடுதற்கு வேண்டிய நேரம் அவர்களுக்குக் கிட்டவில்லை. காப்புடை அணிந்திருப்பின் பிழைத்திருப்பர். ஆனால் மூவர் காப்புடையுடன் அமர அக்கலத்தில் இடமில்லை. கலம் தானாகவே இயங்கிப் பழுதின்றித் தரையிறங்கியது. வரவேற்க விரைந்தோர் கதவைத் திறந்தபோது மூவரும் அசைவற்றிருந்தனர். தலைநகரே திரண்டு கண்ணீர் சிந்தியது.

அவ்வாண்டு அக்டோபரில் சல்யூட் 1 பசிபிக் கடலின்மேல் வளிமண்டலத்துள் வீழ்ந்து அழிந்தது. ஆயினும் முயற்சி அழியவில்லை. சோயூஸ் கலம் திருத்தி அமைக்கப்பெற்றது. மூவருக்கு மாறாக இருவரே காப்புடையுடன் அதில் சென்றனர். 1973ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்கா ஏவிய ‘ஸ்கைலேப்’ நிலையமும் இடருக்குத் தப்பவில்லை. ஏறும்போதே அதன் காப்புத்தகடு பிய்ந்துபோக, உள்ளே வெப்பம் மிகுந்தது. பின்சென்ற மூவர் குடை போன்ற ஒரு விரிப்பைப் பரப்பி அதனைக் காத்தனர். 28 நாள் தங்கி மீண்டனர். இறுதிக் குழுவினரோ 84 நாள் வாழ்ந்தனர்.

2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மனிதர் இடையறாது வாழ்ந்து வருகின்றனர். சோயூஸ் கலத்தில் அங்குச் செல்வோர், ஏறும்போதும் இறங்கும்போதும் தவறாமல் காப்புடை அணிகின்றனர். கல்லால் எழுப்பும் நினைவுச் சின்னங்கள் இறந்தோரின் பெயரைக் காக்கும். இவ்வுடையோ இருப்போரின் உயிரைக் காக்கின்றது. அம்மூவருக்கும் இதனினும் பொருந்திய நினைவுச் சின்னம் வேறில்லை.