சாயம் முதலில்

எமது பன்பாய்க் குழுவுக்கு ஒருவர் காசு வாங்கி இணையத்தளம் செய்து தந்தார். அதன் பின் ஒரு பாயின் விலையை மாற்றுவதென்றாலும் அவருக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. குழுவில் பெரும்பாலானோர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள். அவர்கள் இரவிரவாக இழைத்த காசு இப்படிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சமூகவியல் படித்த நான், உயர்தரம் முடித்த தங்கச்சி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு கணினிக்கு முன் உட்கார்ந்தேன்.

பூட்ஸ்ட்ராப் என்பது இணையப் பக்கத்தின் பொத்தான், கட்டம், பட்டியல் எல்லாவற்றுக்கும் அழகு செய்து வைத்திருக்கும் தொகுப்பு. டுவிட்டரில் வேலை செய்த இருவர் உருவாக்கியது, 2011 இல் வெளிவந்தது. வெப்பேக் என்பது சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் கருவி. இரண்டும் இலவசம். இறக்கி முடிக்கும்போது எங்கள் டேட்டாவும் முடிந்திருந்தது.

முதல் ஓட்டத்திலேயே சிவப்பு எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட் வெப்பேக்குக்குத் தானாக விளங்கும், அழகுக் கோப்புகள் விளங்காது. அதற்கு லோடர்கள் வேண்டும். சாஸ் லோடர் சாஸ் மொழியை சிஎஸ்எஸ் ஆக்கும், சிஎஸ்எஸ் லோடர் அதை வாசிக்கும், ஸ்டைல் லோடர் பக்கத்தில் சேர்க்கும். நானும் அதே ஒழுங்கில் எழுதினேன். மீண்டும் சிவப்பு. வெப்பேக் அந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து தொடங்குகிறதாம்! ஸ்டைல், சிஎஸ்எஸ், சாஸ் என்று திருப்பி எழுதியதும் ஓடியது. இதற்கே இரண்டு பின்னேரங்கள் போயின. கணினி தெரிந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பீர்கள்.

பிறகு நிறம். பூட்ஸ்ட்ராப்பின் நீலம் எங்களுக்கு வேண்டாம், பாயின் சிவப்பு வேண்டும். கோப்பின் கடைசியில் எழுதினோம். பொத்தான் நீலமாகவே நின்றது. அதன் நிற மாறிகள் எல்லாம், முன்பே மதிப்பு கொடுத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளும். பிந்திச் சொன்னால் கேட்காது. நான் இதை வாசித்துச் சொன்னதும் தங்கச்சி, "இழைச்ச பாய்க்குப் பிறகு சாயம் ஊறுமா அக்கா? பன்னுக்கெல்லோ முதல் போடணும்" என்றாள். அந்த ஒற்றை வரியை அவளே மேலே தூக்கி வைத்தாள். பொத்தான் சிவந்தது.

பாவிக்காத பகுதிகளையும் நீக்கினோம். பழைய கைத்தொலைபேசிகளில் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டுமே.

பழைய தளத்தின் கடவுச்சொல் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. அதனால் புதிய முகவரியில் போட்டிருக்கிறோம். போன கிழமை பெரிய பாயின் விலையைத் தங்கச்சியே மாற்றினாள்.