120 வீடு

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

மதுரை கீழமாசி வீதியில் சாமான் வாங்கி வந்து கணக்கு நோட்டைத் திறந்தேன். இட்லிப் பொடி ஒரு ஈட்டுக்கு உளுந்து ஒரு கிலோ 140 ரூபாய், கடலைப்பருப்பு அரைக் கிலோ 45, மிளகாய் வற்றல் 300 கிராம் 75, எள் 200 கிராம் 45, பெருங்காயமும் உப்பும் 55. ஆக 360. கேஸ் 30, அரவைக் கூலி 40, கவரும் லேபிளும் 95 சேர்த்தால் 525. கிள்ளிப்போட்ட காம்பு, வறுபடும்போது போகும் ஈரம், மில்லில் ஒட்டிக்கொள்வது எல்லாம் கழிய, 100 கிராம் பாக்கெட் 19 தேறுகிறது. ஒன்றின் அடக்கம் ஏறக்குறைய 28 ரூபாய்.

"நாப்பதுக்குக் குடும்மா. பன்னெண்டு ரூவா லாபம் நிக்குதுல்ல?" என்றார் அத்தை.

அதை லாபம் என்று எழுத எனக்கு மனமில்லை. பருப்பைப் புடைத்து, கருகாமல் நின்று வறுத்து, ஆறவைத்து, மில்லில் வரிசையில் காத்திருந்து, சலித்து, எடை போட்டு, சீல் வைத்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆகிறது. 40 ரூபாய்க்கு விற்றால் அந்த உழைப்புக்கு மணிக்கு 47 ரூபாய் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் லாபம் என்று ஒரு பைசா மிஞ்சாது. வெளியே சமையல் வேலைக்குப் போகிறவர்களிடம் விசாரித்து, என் கூலி மணிக்கு 80 என்று வைத்தேன். இப்போது ஒரு ஈட்டின் செலவு 925, பாக்கெட் அடக்கம் 49. விலை 65.

"வீட்ல அரைக்கிறதுக்கும் கூலியா?"

"அடுத்த வீட்டுல போயி அரைச்சா வாங்குவேன்ல, அத்தை."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு எள்ளில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் நேரத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.

1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது லிஜ்ஜத் அப்பளம். அங்கே அப்பளம் உருட்டுகிறவருக்குக் கிலோ கணக்கில் கூலி உண்டு. லாபத்தில் பங்கு தனி. அவர்கள் நிறையப் பேர், நான் ஒருத்தி. ஆனாலும் கூலி வேறு, லாபம் வேறு என்ற அந்த ஏற்பாடு தனி ஆளுக்குத்தான் இன்னும் அவசியம். கூலியை எழுதாத வீட்டுத் தொழில்கள் பலவும் ஒரு வருஷத்தில் கை ஓய்ந்து நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பொடி நன்றாக இருந்திருக்கும், விற்றும் இருக்கும். செய்தவளுக்குத்தான் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிப்ரவரி 12, திங்கள்

காகித வேலை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு: 2024 விதிப்படி ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பதிவே போதும், வருஷத்துக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 'முடித்துத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. லேபிளில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, விலை, முகவரி, போன் நம்பர், 14 இலக்கப் பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் வந்தாக வேண்டும். என் படம் எதற்கு? அந்த இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டேன், வயதானவர்கள் படிக்க வேண்டும்.

மார்ச் 2, சனி

பக்கத்துக் கடையில் வைக்கலாமா என்று கேட்டேன். 25 சதவீதம் கமிஷன், பணம் ஒரு மாதம் கழித்து. அவருக்கும் வாடகை, கரண்ட் பில், ஆள் கூலி உண்டு, கேட்டதில் தப்பில்லை. ஆனால் 65-இல் அதைக் கழித்தால் கைக்கு வருவது 48 ரூபாய் 75 காசு. என் அடக்கத்தோடு சரி, லாபம் என்று ஒன்றும் நிற்காது. கடைக்கென்று விலையை ஏற்றினால் நேரில் வாங்குகிறவர்களுக்கும் ஏற்ற வேண்டும். வேண்டாம், நேரடியாகவே விற்கலாம்.

அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? இதைத்தான் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று ஈடு என்னால் தரம் குறையாமல் முடியும். 57 பாக்கெட். நாலு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் இரண்டு வாரம் வரும். அப்போது 114 வீடு போதும், கூடக்குறைய 120 என்று வைத்துக்கொள்ளலாம். மதுரை முழுக்க என் பெயர் தெரிய வேண்டியதில்லை. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் 120 வீடு திரும்பத் திரும்ப வாங்கினால், மாதம் சுமார் 4,800 ரூபாய் கூலியாகவும் அதற்கு மேல் 3,600 லாபமாகவும் நிற்கும். விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டச் சொல்லும் யோசனைகளை இந்தக் கணக்கு தள்ளிவைத்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன சாஷேயில் போட்டு விற்றவர். முழு பாட்டில் வாங்கத் தயங்கியவர்களும் அதை வாங்கிப் பார்த்தார்கள். நானும் 20 கிராம் பொட்டலம் கட்டி, நேரில் பேச முடிந்த வீடுகளில் மட்டும் கொடுத்து வருகிறேன்.

நாலு நாள் கழித்துப் போன். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "எதோட சாப்பிட்டீங்க? மிச்சம் இருக்கா?" என்று கேட்கிறேன். தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இட்லிக்கு எங்கம்மா போறது? ராத்திரி தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கிட்டேன், காரம் தூக்கல்" என்றார். அவரைப் போல இன்னும் சில வீடுகளில் காரத்தைப் பற்றியே சொன்னார்கள். அடுத்து ரசப் பொடி போடலாம் என்றிருந்த யோசனையை ஒத்திவைத்துவிட்டேன். அதே இட்லிப் பொடியில் வற்றலைக் குறைத்து இன்னொரு வகை போதும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, என் நம்பரை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். அதனால் வாசலிலேயே நின்று சேமிக்கச் சொல்கிறேன். வாங்கிய தேதி நோட்டில் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது நாளில், தீரப்போகிற வீட்டுக்கு மட்டும் ஒரு வரி அனுப்புகிறேன். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் அடுத்த வாரமே நம்மை மௌனத்தில் போட்டுவிடுவார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கே.கே. நகரில் என்னிடம் வாங்கும் அக்கா ஒருவரின் மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். மாதாமாதம் 40 பாக்கெட், ஆபீஸ் நண்பர்களுக்கு. கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், பிறகு கணக்குத் தாக்கல், ஆடிட்டர். மேலும் அந்த 40 பாக்கெட் இங்கே இருபது வீட்டின் பங்கு. "இப்ப முடியாது தம்பி. மதுரைக்கு வரும்போது அம்மாவைப் பாத்துட்டு, வீட்டுக்கு வேணுங்கிறதை வாங்கிட்டுப் போங்க" என்று சொன்னேன்.

நோட்டில் இப்போது 71 வீடு. மார்ச் மாதக் கூலியை முதலில் எடுத்து என் கணக்கில் போட்டேன், அத்தைக்குச் சேர வேண்டியதை அவர் கையில் கொடுத்தேன், மீதியைத் தொழில் கணக்கில் விட்டேன். உளுந்து கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறியிருக்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு முப்பது காசு சொச்சம்தான், இந்த மாதம் விலையில் கை வைக்கத் தேவையில்லை. வரும் வாரம் அண்ணா நகர் கிழக்குத் தெருக்கள், காரம் குறைந்த பொட்டலத்தோடு.